அம்பாசிடருக்கு டிஸ்க் பிரேக் மாட்டிய வருஷங்கள்

வண்டி ஓடுவதற்காகச் செலவு செய்கிறவர் முகத்தில் ஒரு களை இருக்கும். வண்டி நிற்பதற்காகச் செலவு செய்கிறவர் முகத்தில் அது இருக்காது. அந்த இரண்டாவது முகத்தைப் பார்த்தே நான் பதினோரு வருஷம் பிழைத்தேன். கொல்லிமலை அடிவாரத்தில், காரவள்ளி ரோட்டோரமாகத் தகரக் கொட்டகை போட்ட ஒர்க்‌ஷாப் என்னுடையது. பழைய அம்பாசிடர் கார்களுக்கு முன்பக்க டிரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு டிஸ்க் பிரேக் மாட்டுவது, லேசாக மிதித்தாலே பிடிக்கும்படி பூஸ்டர் வைப்பது, முன்பக்கத்து ஷாக் அப்சார்பரை மாற்றுவது, இதுதான் தொழில். 1997-இல் ஆரம்பித்தேன்.

மேலே சோளக்காடு போய்ச் சேர எழுபது கொண்டை ஊசி வளைவு. ஏறும்போது எஞ்சின் கஷ்டப்படும். இறங்கும்போது நாம் கஷ்டப்படுவோம். டிரம் என்பது மூடி போட்ட டப்பா மாதிரி. மிதித்துக்கொண்டே இறங்கினால் சூடு வெளியே போக வழியில்லாமல், பாதி மலையில் பிரேக் பிடிப்பு குறைந்துபோகும். டிஸ்க் காற்றுப்பட வெளியே சுற்றுவதால் அத்தனை சூடு தங்காது. பழைய கார் வைத்திருக்கும் பாவப்பட்ட ஜனங்களுக்கும், அவற்றை ரிப்பேர் பார்க்கும் அதைவிடப் பாவப்பட்ட சகோதரர்களுக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. முப்பதாவது வளைவில் குலதெய்வத்தைக் கூப்பிட்ட அனுபவம் உங்களுக்கும் இருக்கும். அப்படிக் கூப்பிட்டவர்களில் சிலர் இறங்கியதும் நேராக என்னிடம் வந்தார்கள். அவர்களுக்கு நான் செய்தது எல்லாம் நல்லதாக முடியவில்லை.

ராசிபுரம் ரோட்டில் பார்த்த சோதனை

நான் முதன்முதலில் டிஸ்க் மாட்டியது சோளக்காட்டு டாக்சி டிரைவர் பொன்னுசாமியின் வண்டிக்கு. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். ஆள் ஒல்லி, பேச்சு கம்மி, கார் மட்டும் எப்போதும் துடைத்து வைத்த பித்தளைச் செம்பு மாதிரி இருக்கும். சேலத்துப் பழைய இரும்புக் கடையில், பின்பக்கம் நசுங்கிய புது மாடல் வண்டி ஒன்றிலிருந்து முன்பக்க டிஸ்க் செட்டை வாங்கி வந்தேன். பழைய வண்டியில் அது உட்காருவதற்கு வேண்டிய தட்டுகளை ராசிபுரத்தில் லேத் வைத்திருந்த தங்கராசு அண்ணன் கடைந்து கொடுத்தார். மாட்டி முடித்து ராசிபுரம் ரோட்டில் மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன். அறுபதில் போய் மிதித்தால் ஒரு பக்கமும் இழுக்காமல் நூல் பிடித்த மாதிரி நின்றது. அன்று வீட்டுக்குப் போய் இரண்டு பிடி சோறு கூடுதலாகச் சாப்பிட்டேன்.

மறுநாள் மத்தியானம் சோளக்காட்டிலிருந்து போன் வந்தது. கொட்டகையில் போன் கிடையாது, பக்கத்துப் பெட்ரோல் பங்க்காரர் என்னைக் கூப்பிட்டுக் கொடுத்தார். "ரப்பர் கருகற வாசம் வந்துச்சுங்க, குனிஞ்சு பாத்தேன், நீங்களே ஒரு எட்டு வந்து பாருங்க" என்றார் பொன்னுசாமி. பஸ் பிடித்துப் போனேன். முன் சக்கரத்துக்குப் பிரேக் ஆயில் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸ், ஒரு பக்கம் தேய்ந்து உள்ளே இருக்கும் நூல் தெரிந்தது. ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் போய் அந்த ஹோஸில் உரசுகிறது. சமதள ரோட்டில் ஸ்டியரிங்கை யாரும் அவ்வளவு ஒடிப்பதில்லை. மலையில் ஒவ்வொரு வளைவிலும் ஒடித்தாக வேண்டும். அவர் குனிந்து பார்க்காமல் அப்படியே ஆள் ஏற்றிக்கொண்டு இறங்கியிருந்தால் பாதி மலையில் அந்த ஹோஸ் வெடித்திருக்கும். ஹோஸை மாற்றி, வேறு வழியாக வளைத்துக் கட்டினேன். பக்கத்தில் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்த பொன்னுசாமி கோபமே இல்லாமல் கேட்டார்:

"ஏனுங்க முருகேசு, ராசிபுரம் ரோட்டுல ஓட்டிப் பாத்தேன்னு சொன்னீங்க, சரி. அங்க கொண்டை ஊசி வளைவு எத்தனைங்க இருக்குது?"

மிதி, புடி, விடு

பிரேக் வேலை ஒற்றை ஆளால் முடியாது. ஆயில் குழாய்க்குள் காற்று புகுந்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். அந்தக் காற்றை வெளியேற்ற ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பெடலை மிதிக்க வேண்டும், இன்னொருவர் சக்கரத்தடியில் படுத்து, காற்று வெளியேறும் நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். எனக்கு மிதித்தது என் மனைவி சரசு. மத்தியானச் சாப்பாடு கொண்டுவருவாள். சாப்பாட்டை இறக்கி வைத்துவிட்டு நேராகப் போய் டிரைவர் சீட்டில் ஏறிக்கொள்வாள். "மிதி... புடி... விடு" என்று நான் கீழிருந்து கத்துவேன். இரண்டு வருஷத்தில் நான் கத்த வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. "இன்னும் காத்து இருக்குதுங்க, இடது பக்கம் மறுக்கா பாருங்க" என்பாள். பார்த்தால் இருக்கும்.

அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. இருபது முப்பது காருக்கு பிரேக் பெடல் சரியா என்று தீர்ப்புச் சொன்னவளுக்கு ஒரு காரின் சாவியைக்கூட நான் கையில் கொடுத்ததில்லை. கொட்டகைக்குப் பின்னால் காலி மைதானம் கிடந்தது, ஞாயிற்றுக்கிழமைகளும் இருந்தன. அவளும் கேட்டதில்லை, எனக்கும் தோன்றவில்லை. ஒரு தடவை நாமக்கல்லிலிருந்து வந்த ஒரு வாடிக்கையாளர், அவள் சீட்டில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "வண்டி ஓட்டத் தெரியாதவங்க காலை நம்பியா நான் மலை எறங்கறது?" என்று என்னிடம் கேட்டார். நான் பல்லைக் காட்டி மழுப்பினேன். அவள் பெடலிலிருந்து காலை எடுக்காமலே பதில் சொன்னாள்:

"வண்டி ஓட்டத் தெரிஞ்ச உங்க கையை நம்பித்தானுங்க நானும் டெய்லி ரோட்டோரமா நடந்து வாரேன்."

வாந்திக்கு மருந்து

முள்ளுக்குறிச்சி ராமலிங்கம் நிலபுலம் உள்ள விவசாயி. அவருடைய அம்பாசிடர், வளைவில் திரும்பினால் படகு மாதிரி ஒரு பக்கம் சாயும். பின்னால் உட்கார்ந்து வரும் அவர் மனைவிக்குப் பத்தாவது வளைவிலேயே வாந்தி வந்துவிடும். மலைக்கோயிலுக்குப் போக வேண்டும் என்றால் அந்த அம்மா முதல் நாளே சாப்பாட்டை நிறுத்திவிடுவாராம். "இந்த ஆட்டத்த நிறுத்திக் குடுத்துருங்க, புண்ணியமாப் போகும்" என்றார் ராமலிங்கம்.

நிறுத்தினேன். முன்பக்கத்துப் பழைய ஷாக் அப்சார்பரைக் கழற்றிவிட்டு, புது மாதிரியான நீளக் குழாய் ஷாக் அப்சார்பர் வைத்தேன். தேய்ந்த ரப்பர் புஷ் எல்லாம் புதிது. முன்பக்கத்தைத் தாங்கும் முறுக்குக் கம்பிகளை இன்னும் கொஞ்சம் முறுக்கி வண்டியைத் தூக்கி நிறுத்தினேன். எனக்கே என் வேலை பிடித்துப்போய், 'இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்' என்று இறுக்கிக்கொண்டே போனேன். வண்டி வளைவில் பாறை மாதிரி நின்றது. அப்படி இறுக்கியதில் ரோட்டில் கிடந்த ஒவ்வொரு கல்லும் நேராக சீட்டுக்கு வந்தது என்பதை நான் கவனிக்கவில்லை. டிரைவர் சீட்டில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவனுக்கு அது தெரியாது. பின் சீட்டில் உட்கார்ந்து நான் ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கவில்லை. அந்த அம்மாவுக்கு ஏற்கெனவே இடுப்பு வலி உண்டு என்று யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒரு மாசம் கழித்து ராமலிங்கத்தோடு அவரும் வந்தார், இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு. எல்லாவற்றையும் தளர்த்திக் கொடுத்தேன். வண்டி தளர்ந்தது, அவர் இடுப்பு தளரவில்லை. அப்போதும் அந்த அம்மா என்னைத் திட்டவில்லை:

"முன்னெல்லாம் வாந்தி வரும், எறங்குனா சரியாப் போயிரும், சாமி. இப்ப வாந்தியும் வாரதில்ல, எனக்கு நிமுந்து நிக்கவும் வாரதில்ல."

ஐந்தாவது சக்கரம்

இதைச் சொல்வதற்கு எனக்கு இன்றும் நாக்கு எழுவதில்லை. சோளக்காட்டில் மிளகு வியாபாரம் செய்த செல்லமுத்துவின் காருக்குக் கொஞ்சம் பெரிய டிஸ்க் மாட்டினேன். அதைப் பிடிக்கும் காலிப்பரும் பெரிது. பழைய சக்கரத்தை மாட்டினால் அதன் உள்விளிம்பு காலிப்பரில் இடித்தது. அதனால் முன்னால் இரண்டுக்கும் உள்விட்டம் பெரிய ரிம் போட்டேன். பார்க்க ஒரே மாதிரி இருக்கட்டுமே என்று பின்னால் இரண்டுக்கும் அதையே போட்டேன். டிக்கிக்குள் படுத்திருந்த ஸ்டெப்னியை மறந்தேன். அது பழைய ரிம்மாகவே இருந்தது.

நாலு மாசம் ஒன்றும் தெரியவில்லை. ஒரு நாள் காலையில், செல்லமுத்துவின் தோட்டத்தில் வேலை செய்த வெள்ளையனின் மனைவிக்குப் பிரசவ வலி எடுத்தது. செல்லமுத்துவே காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பாதி மலையில் முன் சக்கரம் பஞ்சர். ஜாக்கி போட்டு, ஸ்டெப்னியை எடுத்து மாட்டினால் உட்காரவில்லை. இரும்பில் போய் 'டங்' என்று இடிக்கிறது. நட்டு ஏறவில்லை. திருப்பி வைத்தார், தட்டிப் பார்த்தார், கல்லால் அடித்துப் பார்த்தார். பின் சீட்டில் அந்தப் பெண் கத்திக்கொண்டிருக்கிறாள். வெள்ளையனும் சக்கரத்தைத் தூக்கித் தூக்கி வைத்துப் பார்த்திருக்கிறார். பின்னால் இருக்கும் நல்ல சக்கரத்தைக் கழற்றி முன்னால் போட்டு, இந்தப் பழையதைப் பின்னால் மாட்டியிருந்தால் பத்து நிமிஷத்தில் கிளம்பியிருக்கலாம். பின்னால் டிரம்தான், இடிக்காது. இது எனக்குத் தெரியும். அவர்களுக்கு எப்படித் தெரியும்?

முக்கால் மணி நேரம் கழித்து அன்னாசிப்பழம் ஏற்றிய லாரி ஒன்று இறங்கி வந்தது. அந்த லாரியின் கேபினிலேயே, மலை இறங்கி முடிக்கும் முன், குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஆனால் பெண் குழந்தை மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது. விஷயம் தெரிந்த அன்றே புது ரிம்மோடு ஐந்தாவது சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடினேன். செல்லமுத்து சக்கரத்தை வாங்கி டிக்கியில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். வெள்ளையன்தான் பேசினார்:

"என்ர பொண்டாட்டி கத்துனது இப்ப மறந்துபோச்சுங்க. அந்தச் சக்கரம் இரும்புல இடிச்ச சத்தந்தானுங்க மறக்க மாட்டேங்குது."

வெட்டி எறிந்தது

திருச்செங்கோட்டுப் பக்கம் ஒருவர் மிகப் பழைய மாடல் கார் ஒன்றைப் பொக்கிஷமாக வைத்திருந்தார். வருஷத்துக்கு இரண்டு தடவை மலைக்குக் குடும்பத்தோடு வருவார். "பயமில்லாம எறங்கற மாதிரி செஞ்சு குடுங்க" என்று விட்டுவிட்டுப் போனார். செய்தேன். பூஸ்டருக்கு இடம் வேண்டும் என்று எஞ்சின் பக்கத்துத் தகட்டில் வட்டமாக ஓட்டை வெட்டினேன். இடைஞ்சலாக இருந்த பழைய பிராக்கெட் இரண்டை அறுத்தேன். கழற்றிய பழைய டிரம், ஷாக் அப்சார்பர் எல்லாவற்றையும், மூலையில் கிடக்கிறதே என்று இரும்பு வியாபாரிக்குப் போட்டுவிட்டேன். தட்டு வாங்கப் போனபோது தங்கராசு அண்ணன் மட்டும் ஒரு வார்த்தை கேட்டார்: "அறுக்கறதுக்கு முன்னால அவருகிட்ட ஒரு பேச்சு கேட்டியா?" அறுத்து முடித்து இரண்டு நாள் ஆகியிருந்தது.

அவர் வந்தார், ஓட்டிப் பார்த்தார், அருமையாக நிற்கிறது என்றார். பிறகு பானெட்டைத் திறந்தார். அந்த ஓட்டையின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். பழைய சாமான் எங்கே என்று கேட்டார், சொன்னேன். அவர் போன பிறகு சேலம் இரும்புக் கடைகளில் ஒரு வாரம் அலைந்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த மாடலுக்கு அது வேறெங்கும் கிடைக்காது என்று அப்புறம்தான் எனக்குத் தெரிந்தது. அன்றைக்குப் பானெட்டை மெதுவாக மூடிவிட்டு அவர் சொன்னது இதுதான்:

"நல்லா நிக்குதுங்க, குத்தம் சொல்ல முடியாது. ஆனா நான் உங்ககிட்ட உட்டுட்டுப் போனது இந்த வண்டி இல்லீங்க."

அணைத்த எஞ்சின்

பொன்னுசாமிக்கு வலது முட்டியில் வலி ஆரம்பித்தது. டிஸ்க் மாட்டியிருந்தாலும் அவர் வண்டிக்கு பூஸ்டர் கிடையாது. பெடலை பலமாக மிதிக்க வேண்டும். "முருகேசு, லேசா மிதிச்சா நிக்கற மாதிரி ஏதாச்சும் பண்ணுங்க" என்றார். பூஸ்டர் வைத்தேன். அது எஞ்சின் உறிஞ்சும் காற்றின் இழுப்பில் வேலை செய்வது. எஞ்சின் ஓடும்வரை பெடல் வெண்ணெய் மாதிரி இருக்கும். எஞ்சினை அணைத்துவிட்டால் உள்ளே மிச்சமிருக்கும் இழுப்பில் இரண்டு மூன்று மிதிக்குத் தாங்கும். அதற்கப்புறம் பெடல் கல்லாகிவிடும். பழையதைவிடவும் கடினமாக. பிரேக் கெட்டுப்போகாது, முழு பலத்தையும் போட்டு மிதித்தால் பிடிக்கும். ஆனால் அது தெரியாதவருக்கு ஏதோ சிக்கிக்கொண்ட மாதிரி இருக்கும்.

அந்தக் காலத்து டாக்சிக்காரர்கள் பலருக்கும் இருந்த பழக்கம் ஒன்று பொன்னுசாமிக்கும் உண்டு. கடினமான வளைவுகள் முடிந்து கீழ்ச்சரிவு வந்ததும் எஞ்சினை அணைத்துவிடுவார், பெட்ரோல் மிச்சம். வண்டி தானாக உருண்டு காரவள்ளி வரை வந்துவிடும். இருபது வருஷமாக அப்படித்தான் வந்தார், ஒன்றும் ஆனதில்லை, ஏனென்றால் பூஸ்டர் வைக்கும்வரை அவர் வண்டிக்கு எஞ்சின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் பெடல் ஒன்றுதான். அவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, அவர் சாவியைத் திருப்புவதை நானே நாலைந்து தடவை பார்த்திருக்கிறேன். வண்டியை ஒப்படைத்த அன்று அரைமணி நேரம் பேசினேன். பூஸ்டரை எங்கே வாங்கினேன், எப்படி உட்கார வைத்தேன், குழாயை எப்படி வளைத்தேன் என்று என் பெருமையையெல்லாம் பேசினேன். எஞ்சினை அணைக்காதீர்கள் என்ற ஒரு வார்த்தை வாயில் வரவில்லை.

மூன்றாம் நாள், காலை பதினோரு மணி வாக்கில், ராசிபுரத்தில் ஆள் ஏற்றுவதற்காகக் காலி வண்டியோடு இறங்கினார். கீழ்ச்சரிவில் சாவியைத் திருப்பினார். முதல் மிதிக்குப் பிடித்தது, இரண்டாவதுக்கும் பிடித்தது. அடுத்தது அரைகுறை. நாலாவது கல். அவர் பதறிப்போய்த் திரும்பத் திரும்ப மிதித்திருக்கிறார். எதிரே வளைவில் பஸ் ஏறி வந்தது. பள்ளத்துப் பக்கம் திருப்பாமல், பஸ்ஸின் மேலும் விடாமல், மலைப்பக்கத்துப் பாறையில் கொண்டுபோய் மோதினார். பஸ்ஸில் இருந்த ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. முன்பக்கம் நசுங்கி அவருடைய வலது முட்டி நொறுங்கிப்போனது. எந்த முட்டிக்காக பூஸ்டர் வைத்தேனோ அதே முட்டி.

ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் நான் காரைப் போய்ப் பார்த்தேன். இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஹோஸ் கிழிந்திருக்கிறதா, ஆயில் ஒழுகியிருக்கிறதா, என் போல்ட் ஏதாவது கழன்றிருக்கிறதா என்றுதான் முதலில் தேடினேன். ஒன்றும் இல்லை. என் வேலை அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிக்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். அப்புறம் சாவியைப் பார்த்தேன். அணைத்த நிலையில் இருந்தது. எல்லாம் புரிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் அவர் காலில் கட்டோடு படுத்திருந்தார். நான் வாயைத் திறக்கும் முன் அவரே சொன்னார்:

"நீங்க வெச்ச பிரேக்கு பெயிலாகலீங்க, முருகேசு. எஞ்சினு செத்தா அதுவும் பாதி செத்துப்போகும்னு எனக்குத்தான் ஆரும் சொல்லலீங்க."

பாரம்

பொன்னுசாமி அதற்கப்புறம் கார் ஓட்டவில்லை. ஓட்டவும் முடியாது, வலது கால் மடங்குவதில்லை. சோளக்காட்டில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் பலாப்பழமும் மலைவாழையும் வைத்து விற்க ஆரம்பித்தார். நான் ஒரு வருஷம் அந்தப் பக்கமே போகவில்லை. வேலை இருந்தால்கூட, பஸ் சோளக்காட்டில் நிற்கும்போது மறுபக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

பிறகு ஒரு யோசனை வந்தது. நான் மாட்டிக் கொடுக்கும் ஒவ்வொரு காரிலும் பொன்னுசாமியை முன் சீட்டில் உட்கார வைத்து, வண்டிக்காரரோடு ஒரு தடவை மலை ஏறி இறங்கச் சொல்வது. எப்படி இறங்க வேண்டும், எதைச் செய்யக்கூடாது என்று அவர் சொன்னால் ஒருத்தரும் தட்ட மாட்டார்கள். அவருக்கும் ஒரு வேலையாகும். சரசுவிடம் சொன்னேன். "அவருகிட்டக் கேளுங்க, ஆனா அவருக்காகன்னு சொல்லாதீங்க" என்றாள். அவள் சொன்னதை நான் கேட்கவில்லை. பழக்கூடைகளுக்கு நடுவில் குந்தி, எல்லாம் அவருடைய நன்மைக்காகத்தான் என்று நீளமாகப் பேசினேன். அவர் ஒரு பலாச்சுளையை எடுத்துக் கொட்டையை நீக்கி என் கையில் கொடுத்தார். தின்று முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு கேட்டார்:

"உங்க மனசுல இருக்கற பாரம் எறங்கறதுக்கு நான் மறுக்கா மலை எறங்கோணுங்களா?"

பத்திரமான இடம்

அப்புறம் நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். நாலே வரி எழுதினேன். 'இறங்கும்போது எஞ்சினை அணைக்காதீர்கள். ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டே வராதீர்கள். ஸ்டெப்னியை வருஷம் ஒரு முறை மாட்டிப் பாருங்கள்.' என் எழுத்து எனக்கே புரியாது என்பதால் சரசு தன் கையால் பெரிய பெரிய எழுத்தில் அட்டைகளில் எழுதினாள். ராசிபுரத்தில் லேமினேஷன் செய்து, ஓட்டை போட்டு, நூல் கட்டினேன். ஏற்கெனவே வேலை செய்து கொடுத்த கார்கள் எத்தனை நினைவிருந்ததோ அத்தனை வீட்டுக்கும் டிவிஎஸ்ஸில் போய் ஆளுக்கொன்று கொடுத்தேன். ஸ்டியரிங் பக்கத்தில் கண்ணில் படுகிற மாதிரி தொங்கவிடுங்கள் என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். செல்லமுத்து மட்டும் வாங்கிப் படித்துவிட்டு, கடைசி வரியில் விரலை வைத்து, தலையை ஆட்டினார்.

எனக்கு மனசு கொஞ்சம் லேசாகியிருந்தது. 2007 கடைசியில், பிரேக் பேடு மாற்றுவதற்காக முள்ளுக்குறிச்சி ராமலிங்கம் காரைக் கொண்டுவந்தார். அவர் மனைவியின் இடுப்பு எப்படி இருக்கிறது என்று கேட்டேன், அப்படியேதான் என்றார். உள்ளே ஏறி உட்கார்ந்து பார்த்தேன். ஸ்டியரிங் பக்கத்தில் எலுமிச்சம்பழம் தொங்கியது, சாமி படம் இருந்தது, ஊதுவத்தி ஸ்டாண்டு இருந்தது. அட்டையைக் காணோம். தொலைத்துவிட்டீர்களா என்றேன். அவருக்கு முகம் வாடிவிட்டது, நான் அப்படிக் கேட்டதே அவமானம் என்கிற மாதிரி:

"ஏனுங்க, அதப் போயித் தொலைப்பனுங்களா? கசங்கிரும்னு அன்னைக்கே ஊட்டுக்குக் கொண்டுபோயி, நெலத்துப் பத்திரத்தோட சேத்தி பீரோவுல வெச்சுப் பூட்டியிருக்கறனுங்க."

அடுத்த வருஷம் கொட்டகையைப் பிரித்தேன். டிஸ்க், பூஸ்டர், ஷாக் அப்சார்பர் எல்லாம் சேலத்தில் செட்டு செட்டாகக் கிடைத்தன, நேரத்தோடு ஒரு வார்த்தை சொல்கிற வாய் மட்டும் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை, கிடைத்திருந்தால் முதல் செட்டை எனக்கே மாட்டிக்கொண்டிருப்பேன்.